இன்ஜின் கொதிச்சா கேஸ்கெட்தான் போச்சா?



நம்ம நாமக்கல் பக்கத்துல லாரி நிக்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். நம்ம வகுப்பிலேயே பல பேர் வீட்டில் ஒருத்தராவது டிரைவர், இல்லன்னா பாடி கட்டும் பட்டறையில் வேலை. அதனால "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்ற வார்த்தையைக் கேட்காதவங்க இங்கே இருக்க மாட்டீங்க. அந்த வார்த்தை வீட்டுக்குள்ள வந்தா அடுத்து வருவது வட்டிக் கணக்குதான். ஆனா கேஸ்கெட் என்றால் என்ன, அது போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு கேட்டா முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

2025 மே லீவில் என் மாமாவின் மினி லாரி ஒரு பட்டறையில் ஆறு நாள் நின்றது. ஆறு நாளும் நான் அங்கேதான். அங்கே பார்த்ததையும் நம்ம பாடப் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். சார்ட் ஒன்றுதான் கொடுத்தாங்க, அதனால எழுத்து பொடிசா இருக்கும். கண்ணாடி போட்டவங்க கொஞ்சம் கிட்ட வந்து படிங்க.

முதல்ல இன்ஜின் ஏன் சூடாகுது? டீசலோ பெட்ரோலோ எரியும்போது சிலிண்டருக்குள்ளே வெப்பம் ஒரு நொடியின் சின்னத் துண்டு நேரத்துக்கு 2000 டிகிரியைத் தொடுது. இரும்பு உருகுவது 1538 டிகிரியில். அப்போ இன்ஜின் ஏன் உருகலைன்னு கேக்கலாம். அந்தச் சூடு நொடியில் வந்து போயிடுது, சிலிண்டரைச் சுத்தித் தண்ணீரும் ஓடிக்கிட்டே இருக்கு. எரிபொருளில் இருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகுது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியா புகையோடு வெளியே. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துக்கிட்டுப் போய் ரேடியேட்டரில் இறக்கி வைக்குது. அது ஒழுங்கா சுமக்கலைன்னா அஞ்சே நிமிஷத்தில் முள் சிவப்புக்குப் போயிடும்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்னு ஆறாம் வகுப்பிலேயே படிச்சோம். ஆனா மேலே போகப் போக அது குறையும். கொல்லிமலை உச்சி கடல் மட்டத்தில் இருந்து 1000 மீட்டருக்கு மேலே. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதிச்சிடும். லோடு ஏத்தின வண்டிக்கு அது போதாது. அதுக்காகத்தான் ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் வெச்சிருக்காங்க. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும். வெளிக் காற்றை விட 1 பார் கூடுதலா இருந்தா, வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. நம்ம வீட்டுக் குக்கரும் இதே கதைதான். கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

குக்கர்னு சொன்னதும் ஞாபகம் வருது. மூடிக்குள்ளே ஒரு கருப்பு ரப்பர் வளையம் இருக்குமே, அதையும் அம்மா கேஸ்கெட்னுதான் சொல்றாங்க. வேலையும் அதேதான், ரெண்டு உலோகம் சேரும் இடத்தில் சந்து விழாமல் அடைப்பது. இன்ஜினில் கீழ்ப்பாதி பிளாக், மேல்பாதி ஹெட். ரெண்டுக்கும் நடுவில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு. அதுதான் ஹெட் கேஸ்கெட். பக்கத்தில் பென்சிலில் வரைந்திருக்கேன் பாருங்க. நாலு பெரிய ஓட்டை சிலிண்டருக்கு. சுத்திலும் இருக்கும் சின்ன ஓட்டைகளில் சிலது தண்ணீருக்கு, சிலது ஆயிலுக்கு, மற்றது போல்ட்டுக்கு. நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூணும் ஒரு விரல் அகலத்துக்குள்ளே பக்கம் பக்கமா இருக்கு, ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது! டீசல் இன்ஜினில் எரியும் நேரத்து அழுத்தம் 100 பாரைத் தாண்டும். குக்கரில் இருப்பது 1 பார். வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கோங்க.

இவ்வளவையும் தாங்கும் தகடு ஏன் போகுது? பெரும்பாலும் சூட்டால்தான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வெப்ப விரிவு வருதே, அந்தச் சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்க. ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. நீளம் 40 செ.மீ.ன்னு வைங்க. சூடு 80 டிகிரி ஏறினா அலுமினியம் சுமார் 0.74 மி.மீ. நீளும், வார்ப்பிரும்பு 0.35 மி.மீ. தான். ஒன்று நீளப் பாக்குது, போல்ட் எல்லாம் அதை இழுத்துப் பிடிக்குது. சரியான சூட்டுக்குள்ளே இருக்கும் வரைக்கும் தகடு சமாளிச்சிடும். அளவு மீறினா ஹெட் வளையும். பட்டறையில் இதை "ஹெட் பெண்டு" என்பாங்க. வளைஞ்ச இடத்தில் சந்து, சந்தில் நெருப்பு புகுந்து தகட்டை அரிச்சிடும்.

இதில் ஒரு குழப்பம் இருக்கு. இன்ஜின் கொதிச்சா கேஸ்கெட் போகும். கேஸ்கெட் போனாலும் இன்ஜின் கொதிக்கும். கொதிக்குதுன்னு மட்டும் பார்த்தா எது முதல்ல வந்ததுன்னு தெரியவே தெரியாது. காய்ச்சல்னு போனா டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்றாரே, அந்த மாதிரி இதுக்கும் பரிசோதனை வேணும்.

மாமா கதைக்கு வரேன். அவர் வண்டி நாலு சிலிண்டர் டீசல். கீழே இருந்து மளிகை, சிமெண்டு ஏத்திக்கிட்டு கொல்லிமலைக்குப் போகும், இறங்கும்போது பலாப்பழம், அன்னாசி. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஏப்ரலில் இருந்தே இருபதாவது வளைவு தாண்டினா முள் ஏற ஆரம்பிச்சிடும். நிறுத்தி ஆற வெச்சு ஏறுவார். தண்ணீரும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு லிட்டர் குறையும், ஆனா தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. காலையில் ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகை வேற. ஒரு பட்டறையில் காட்டினார். பானெட்டைத் திறந்து பார்த்த உடனே, "கேஸ்கெட் போச்சு, ஹெட் இறக்கணும், 26,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. பலாப்பழ சீசன், வண்டிக் கடன் தவணை பத்தாம் தேதி. அத்தை ஒண்ணும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழட்டி டப்பாவில் வெச்சுட்டாங்க, அடகுக் கடைக்குக் கொண்டு போக.

அந்தப் பட்டறைக்காரங்க சொன்னதில் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தண்ணீர் காணாமல் போவது, கொதிப்பது, வெள்ளைப் புகை மூணுமே கேஸ்கெட் போனதுக்கும் அடையாளம்தான். ஆனா "அதுக்கும்" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கு.

அதனால் மாமா இன்னொரு பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனார். அங்கே இருக்கும் பெரியவரை எல்லாரும் ஃபோர்மேன்னுதான் கூப்பிடுவாங்க. மாமா போனதுமே, "ஹெட்டை இறக்கிடலாங்களா ஃபோர்மேன்?" என்றார். அவர் துணியில் கையைத் துடைச்சுக்கிட்டே, "இறக்கறது பெரிய வேலை இல்லீங்க தம்பி. எதுக்கு இறக்கறோம்னு தெரியணுமில்லீங்க?" என்றார்.

முதல் அரை மணி நேரம் ஸ்பானரையே தொடலை, கேள்விதான். எப்போ கொதிக்குது? டிராஃபிக்கில் சும்மா நிக்கும்போதா, மேடு ஏறும்போதா? இந்தக் கேள்வி ரொம்ப முக்கியமாம். நிக்கும்போது கொதிச்சு, ஓடும்போது சரியானா ஃபேன் பக்கம் பார்க்கணும். ஓடும்போது எதிர்க்காற்றே ஃபேன் வேலையைச் செஞ்சிடுது இல்லையா. மேட்டில், லோடில் மட்டும் கொதிச்சா ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப் மாதிரி ஓட்டம் குறையும் விஷயங்களைப் பார்க்கணும். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்திலேயே கொதிச்சா தண்ணீர் இல்லை, இல்லன்னா தெர்மோஸ்டாட் திறக்கலை, இல்லன்னா கேஸ்கெட். அடுத்த கேள்வி, "என்ன தண்ணி ஊத்தறீங்க?" மாமா கொஞ்சம் யோசிச்சு, "போர் தண்ணிதாங்க" என்றார். ஃபோர்மேன் தலையை மட்டும் ஆட்டினார்.

வண்டி முழுசா ஆறின பிறகுதான் மூடியைத் திறந்தார். இங்கே ஒன்று சொல்லியே ஆகணும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால்தான். மூடியைத் திருகின அந்த நொடி அழுத்தம் போயிடும், தண்ணீர் ஆவியா மாறி முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க. மேல் ஹோஸைத் தொட்டால் ஜில்லுன்னு இருக்கணும், அப்புறம்தான் மூடி.

உள்ளே பார்த்தா செம்மண் கலர் தண்ணீர். கழுத்து ஓரத்தில் வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிவு. டீ போடும் பாத்திரத்தில் படியுமே, அதேதான். கடின நீரைச் சூடாக்கினா அதில் கரைஞ்சிருக்கும் கால்சியம் பைகார்பனேட் சிதைஞ்சு கால்சியம் கார்பனேட்டா படியும்னு வேதியியலில் தற்காலிகக் கடினத்தன்மை பாடத்தில் படிச்சதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். செம்போடு ஒப்பிட்டா இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் நூறு மடங்குக்கு மேல் மந்தம்.

அடுத்து ஆயில். கேஜ் கம்பியை எடுத்துத் துடைச்சு மறுபடி விட்டுப் பார்த்தார். கேஸ்கெட் வழியா தண்ணீர் ஆயிலில் கலந்தா அது பால் ஊத்தின காபி மாதிரி ஆயிடும், அளவும் ஏறும். இங்கே கருப்பாவே இருந்தது. ஆயில் ஊத்தும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைக் கிரீம் ஒட்டியிருந்தா பயப்பட வேண்டியதில்லையாம். தினம் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், இன்ஜின் முழுசா சூடாகாமல் காற்றின் ஈரமே அப்படிப் படியும். கம்பியில் பால் நிறம் தெரிஞ்சாத்தான் விஷயம் பெரிசு.

வெள்ளைப் புகையை மோந்து பார்க்கச் சொன்னார்! "இங்க வா கண்ணு, கண்ணு எரியுதா?" நல்லாவே எரிஞ்சுது. அப்படின்னா அது எரியாத டீசல். குளிர்ந்த டீசல் இன்ஜினில் இது வரும், சூடானதும் நின்னுடும். கூலன்ட் எரிஞ்சு வரும் புகை சூடான பிறகும் நிக்காது, கொஞ்சம் இனிப்பான வாடை அடிக்கும். காலையில் சைலன்சரில் இருந்து தண்ணீர் சொட்டுவதும் தப்பு இல்லை. எரிபொருளில் இருக்கும் ஹைட்ரஜன் எரிஞ்சா கிடைப்பது தண்ணீர்தானே.

பிறகு மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸைப் பிடிக்கச் சொன்னார். அமுக்கினா ரப்பர் மெத்துன்னு அமுங்கியது. "இப்பவே கல்லு மாதிரி ஆச்சுன்னா சந்தேகப்படணும்" என்றார். காரணம் எளிதுதான். தண்ணீர் சூடாகி விரிஞ்ச பிறகு ஹோஸ் இறுகுவது சகஜம். இன்னும் ஜில்லுன்னு இருக்கும்போதே ஒரு நிமிஷத்தில் இறுகினா, அந்த அழுத்தம் சூட்டால் வந்தது இல்லை, சிலிண்டரில் இருந்து புகை உள்ளே தள்ளுது. அப்புறம் இன்ஜினை அணைச்சு, மூடியை எடுத்துட்டு மறுபடி ஓட விட்டு, குமிழி வருதான்னு பார்த்தார். முதலில் நாலஞ்சு வந்து நின்னுடுச்சு. அது உள்ளே சிக்கியிருந்த காற்று. நிக்காமல் வந்துக்கிட்டே இருந்தாத்தான் கேஸ்கெட்.

இதுவரைக்கும் ஒரு ரூபாய் செலவு இல்லை. கை, கண், மூக்கு மட்டும்தான்.

அதன் பிறகுதான் கருவிகள் வந்தன. சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்று, கூடவே மீட்டர். அதை ரேடியேட்டர் வாயில் மாட்டி 0.9 பார் வரைக்கும் அடிச்சு கால் மணி நேரம் விட்டார். முள் அசையலை. அப்படின்னா எங்கேயும் கசிவு இல்லை. அதே பம்பில் ரேடியேட்டர் மூடியை மாட்டி அடிச்சார். மூடியில் 0.9ன்னு அச்சடிச்சிருக்கு, ஆனா 0.4 வந்ததுமே புஸ்ஸுன்னு திறந்துடுச்சு. ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பரும் வெடிச்சிருந்தது. தண்ணீர் எங்கே போச்சு என்ற மர்மம் அங்கேயே தீர்ந்துச்சு. மலை ஏறும்போது மூடி முன்னாடியே திறந்து, தண்ணீர் ரிசர்வ் டேங்குக்குப் போய், அதுவும் நிரம்பி ரோட்டில் ஆவியாப் போயிருக்கு. வீட்டு வாசலில் தேடினா ஈரம் எப்படித் தெரியும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை அடுத்தது. கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம், மேலே ஒரு ரப்பர் பந்து. அதை ரேடியேட்டர் வாயில் வெச்சு, தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றை மட்டும் உறிஞ்சணும். திரவத்தில் இருப்பது புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி. பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு படிச்சோமே, அந்தக் குடும்பம்தான். கார்பன் டைஆக்சைடு கரைஞ்சா அமிலத்தன்மை வந்து நீலம் பச்சையாகி மஞ்சளாகும். ரேடியேட்டருக்குள்ளே கார்பன் டைஆக்சைடுக்கு என்ன வேலை? சிலிண்டரில் இருந்து புகை வந்தாத்தான் உண்டு. ஆகையால் மஞ்சள் ஆனா கேஸ்கெட்டில் ஓட்டை, இல்லன்னா ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். மாமா வண்டியில் நீலம் நீலமாவே இருந்தது. டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போது நிறையக் காற்றை உள்ளே இழுக்கும், புகையில் கார்பன் டைஆக்சைடு கம்மி. அதனால ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு விடக் கூடாதுன்னு ஆக்சிலரேட்டரை மிதிக்க வெச்சு ரொம்ப நேரம் பார்த்தார். அப்பவும் நீலம்தான்.

அப்போ கொதிப்பது எதனால்? கொரோனா நேரத்தில் பள்ளி வாசலில் நம்ம நெத்திக்கு நேரா பிடிச்சாங்களே, அந்த மாதிரி ஒரு தெர்மாமீட்டர். இன்ஜினைச் சூடாக்கி, அணைச்சு, ரேடியேட்டர் முழுக்கக் கட்டம் கட்டமா அளந்தார். மேலே 92 டிகிரி. கீழே போகப் போகச் சீரா குறையணும். ஆனா இடது கீழ் மூலையில் ஒரு பெரிய பகுதி வெறும் 47. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடலை, படிவு அடைச்சிருக்கு. சமதளத்தில் மீதி ரேடியேட்டர் சமாளிச்சிருக்கு. லோடோடு மலை ஏறும்போது முடியலை.

தெர்மோஸ்டாட்டையும் கழட்டி வெந்நீரில் போட்டுப் பார்த்தார். இதை நம்ம லேபிலேயே செய்யலாம், பீக்கரும் தெர்மாமீட்டரும் போதும். அதுக்குள்ளே மெழுகு இருக்கு. 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளித் திறக்கும். இது 90 தாண்டியும் பாதிதான் திறந்தது. நம்ம ஊரில் பல பேர் தெர்மோஸ்டாட்டையே கழட்டி எறிஞ்சிடறாங்க, "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு"ன்னு. எனக்கு அது சரியாப் படலை. அது இல்லைன்னா காலையில் இன்ஜின் சூடேற நேரமாகும், டீசல் வீணாகும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி வந்து கொதிப்பது அதிகமாகும். மஞ்சள் தூளைக் கொட்டி ஓட்டையை அடைக்கும் வைத்தியமும் இதே ரகம். அது ஓட்டையை மட்டுமா அடைக்கும்?

மாமா வண்டிக்கு ரேடியேட்டர் கோர், மூடி, தெர்மோஸ்டாட் மூணும் புதுசு. இன்ஜினுக்குள்ளே ஓடும் தண்ணீர் வழியைக் கழுவி, போர் தண்ணீருக்குப் பதிலா டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட். மொத்தம் 8,400 ரூபாய். ஃபோர்மேன் அதோடு விடலை. சில கேஸ்கெட் லோடு ஏத்தினாத்தான் கசியும், நின்ன இடத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாதுன்னு, சிமெண்டு மூட்டை ஏத்தி முப்பதாவது வளைவு வரைக்கும் போயிட்டு வரச் சொன்னார். வந்ததும் ஆற வெச்சு நீலத் திரவம் மறுபடி. நிறம் மாறலை. அத்தை சங்கிலி டப்பாவில் இருந்து கழுத்துக்கு வந்தது.

இதைப் படிச்சுட்டு "அப்போ கேஸ்கெட் போவதே பொய்"ன்னு யாரும் கிளம்பிடாதீங்க. அதே வாரம் அங்கே ஒரு பெட்ரோல் வேன் வந்தது. நாலஞ்சு பேர் பார்த்து ரேடியேட்டர், பம்ப் எல்லாம் மாத்தியும் கொதிப்பு நிக்கலை. ஃபோர்மேன் ஜில்லுன்னு இருந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். அம்பது நொடிகூட ஆகலை, மேல் ஹோஸ் கட்டை மாதிரி ஆயிடுச்சு. மூடியை எடுத்துட்டு ஓட விட்டா சோடா பாட்டில் மாதிரி குமிழி. நீலத் திரவம் என் கண் முன்னாடியே பச்சையாகி மஞ்சளாச்சு. ஸ்பார்க் பிளக் ஓட்டையில் மீட்டர் மாட்டி ஒவ்வொரு சிலிண்டரா அழுத்தம் பார்த்தப்போ மூணு சிலிண்டரில் 170 பவுண்டு வாக்கில், மூணாவதில் மட்டும் 110.

அந்த டிரைவர் அண்ணன் சொன்ன கதைதான் எல்லா டிரைவரும் தெரிஞ்சுக்க வேண்டியது. ரெண்டு மாசம் முன்னாடி ரோட்டில் ஹோஸ் வெடிச்சு, முள் சிவப்புக்குப் போச்சாம். "கொஞ்ச தூரத்துல முள்ளு தானா இறங்கிடுச்சுங்க, சரி ஆறிடுச்சுன்னு ஊர் வரைக்கும் ஓட்டிட்டேன்" என்றார். முள் இறங்கியது ஆறினதால் இல்லை. சூடு பார்க்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கணும். தண்ணீர் மொத்தமா வெளியே போயிட்டா அது காற்றில் தொங்கும், பொய்யான சூட்டைக் காட்டும். இன்ஜின் அப்போதான் இன்னும் வெந்துக்கிட்டு இருக்கும். சிவப்பைத் தொட்டா ஓரம் கட்டி அணைக்கணும். ஆறும் முன்னாடி பச்சைத் தண்ணீரை ஊத்தவும் கூடாது, சூடான ஹெட் விரிசல் விட்டுடும்.

வேனில் ஹெட்டை இறக்கினாங்க. அடிப்பாகத்தைச் சுத்தமா சுரண்டி, மேலே நேரான எஃகுப் பட்டையை வெச்சு, சந்தில் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தார். 0.15 மி.மீ. தகடு தாராளமா நுழைஞ்சுது. ரெண்டு தலைமுடி கனம்தான் இருக்கும், அதுக்கே இன்ஜின் படுத்துடுச்சு. ஹெட்டை ஃபேசிங் போட அனுப்பினாங்க. புது கேஸ்கெட், புது போல்ட். போல்ட்டை முறுக்குவதிலும் ஒரு முறை இருக்கு. நடுவில் ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போகணும், ஒரே மூச்சில் இறுக்காமல் மூணு சுற்றா இறுக்கணும், அதுவும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவுக்கு மட்டும். சப்பாத்தி மாவை நடுவில் இருந்து தேய்க்கிற மாதிரி. ஓரத்தில் இருந்து ஆரம்பிச்சா நடுவில் தகடு மேடாகி நின்னுடும்.

வெடிச்ச ஹோஸை அன்றைக்கே மாத்திட்டாங்களாம். அதனால வேனைக் கெடுத்த முதல் காரணம் போயிடுச்சு, கேஸ்கெட் மாத்தினதும் கொதிப்பு நின்னுச்சு. மாமா வண்டியில் கேஸ்கெட்டை மட்டும் மாத்தியிருந்தா? புது கேஸ்கெட்டும் அடைஞ்ச ரேடியேட்டரோடுதான் மலை ஏறியிருக்கும். 26,000 செலவு பண்ணி அதே இருபதாவது வளைவில் நின்னிருப்பார்.

வேனில் இருந்து கழட்டின பழைய கேஸ்கெட்டை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கி வந்திருக்கேன். இயற்பியல் லேபில் ஜன்னல் பக்கத்து மேசையில் இருக்கு, சார் அனுமதி கொடுத்துட்டார். மூணாவது பெரிய ஓட்டையில் இருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டைக்கு ஒரு கருப்புக் கோடு போகும், பென்சில் கோட்டை விட மெல்லிசு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாத்தான் தெரியும். ஓரம் கையைக் கிழிக்கும், பார்த்துப் பிடிங்க.

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு